அளவெடுத்து எழுதிய வாழ்த்து

தெஹியோவிட்டவிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளியிருந்த கிரிதொல ரப்பர் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவள் ஜீவராணி. தாய்மார் பால் வெட்டப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற இருபத்திரண்டு குழந்தைகளுக்கும் பால் கரைத்துக் கொடுத்து, தொட்டிலாட்டி, மூக்குத் துடைத்து, வேலை முடிந்து வருகிறவர்களிடம் அவரவர் பிள்ளையை மாறாமல் ஒப்படைப்பது அவள் உத்தியோகம். குழந்தைகள் எல்லாம் ஒருசேரத் தூங்குகிற ஒன்றரை மணி நேரத்தில் அவள் கவிதை எழுதுவாள்.

புத்தகத்தில் வருகிற கவிதை அல்ல. கல்யாண வாழ்த்து, சடங்கு வீட்டு வாழ்த்து, இறந்தவர்களுக்குப் பதினாறாம் நாள் அஞ்சலி, பென்சன் போகிற கணக்கப்பிள்ளைக்குப் பிரியாவிடைப் பா. ஓ.எல். பரீட்சை வரை படித்தவள், தமிழில் மட்டும் விசேட சித்தி. சுற்றியிருந்த நாலைந்து தோட்டங்களிலும் சிங்களம் வெளுத்துக்கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். எதுகை மோனையோடு தமிழ் எழுத ஒருவரும் இல்லை. ஆகவே எல்லாரும் அவளிடம்தான் வந்தார்கள். வந்தவர்கள் காசு கொடுக்கவில்லை என்பதுதான் குறை.

வெறுங்கையோடு போனார்கள் என்று சொல்வதும் தப்பு. ஒரு சடங்கு வீட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. ஒரு கல்யாண வீட்டில் இரவிக்கைத் துண்டு வந்தது. அரை மீற்றர், யாருக்கும் தைக்க முடியாத அளவு. மாமியாருக்கு அஞ்சலி எழுதி வாங்கிய ஒரு மருமகள், செத்துப்போன மாமியாரின் குடையையே கொண்டுவந்து கொடுத்தாள். குடை நல்ல குடை. விரிக்கும்போதெல்லாம் கிழவியின் வெற்றிலை வாசம் அடித்தது.

ஒருமுறை கங்காணி வேலுசாமியிடம் மட்டும் ஜீவராணி துணிந்து வாய் திறந்தாள். "ஒரு நூறு ரூவா குடுத்தீங்கன்னா நல்லாயிருக்கும் மாமா."

கங்காணி உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நாலு வரிதானே புள்ள? நீ சும்மா குந்தியிருக்கிற நேரத்துல எழுதுறது. மரத்துல ஏறினியா, மலையில ஏறினியா?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா மருதாயி ரப்பர் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எழுதாத. இல்லாட்டி காசு கேளு. ரெண்டுல ஒன்னு பண்ணு. ரெண்டுக்கும் நடுவுல நின்னுகிட்டு எங்கிட்ட வந்து மொகத்தக் காட்டாத" என்றாள்.

அந்த நடுவில்தான் சுதாகரன் வந்து சேர்ந்தார். அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. தெஹியோவிட்ட பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் அச்சகம் வைத்திருந்தவர். அந்தப் பக்கத்தில் தமிழ் எழுத்து இருந்த ஒரே அச்சகம் அது. நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு. ஜீவராணி அச்சகத்துக்குப் போனால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரச் சொல்வார், பிளேன்டீயும் சீனி தூவிய கிம்புலா பணிசும் வரவழைப்பார்.

"தங்கச்சி, இனிமே கல்யாண வீட்டுக்காரங்க எங்கிட்ட வருவாங்க. நான் ஒங்ககிட்ட வருவேன். ஒரு பாட்டுக்கு எழுபத்தஞ்சு ரூவா. மாசக் கடைசியில மொத்தமா வாங்கிக்கிட்டா ஒங்களுக்கும் ஒரு தொகையா இருக்கும். அதோட, பேரு வெளிய வரும் பாருங்க. காசு இன்னைக்கு வரும், நாளைக்குப் போயிரும். பேரு நிக்கும்."

ஜீவராணிக்கு அது நியாயமாகப் பட்டது. எழுதினாள். முதல் மாதக் கடைசியில் பேப்பர் விலை ஏறிவிட்டது என்றார். இரண்டாம் மாதம் அச்சு இயந்திரத்தில் ஏதோ சக்கரம் உடைந்தது. மூன்றாம் மாதம் அவருடைய மைத்துனருக்குக் காய்ச்சல். மைத்துனரின் காய்ச்சலுக்கும் அவளுடைய எழுபத்தைந்து ரூபாய்க்கும் என்ன தொடர்பென்று அவளுக்கு விளங்கவில்லை, ஆனாலும் குணமாகிவிட்டதா என்று விசாரித்துவிட்டு வந்தாள். வருட முடிவில் சுவாமி படம் போட்ட கலண்டர் ஒன்று கொடுத்தார். அதற்குள் பதினேழு வாழ்த்து எழுதியிருந்தாள். வெளியே வந்த பேரைப் பார்க்கலாம் என்று அச்சடித்த தாள்களைப் புரட்டினால், அடியில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் கொட்டை எழுத்தில் இருந்தன. அவள் பெயர் எதிலும் இல்லை.

"எடம் பத்தல தங்கச்சி" என்றார் சுதாகரன்.

அடுத்த வைகாசியில் மாவனல்லைப் பக்கம் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்கு அம்மாவும் மகளும் போனார்கள். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் நண்பன் சட்டம் போட்ட வாழ்த்து மடலைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"வானத்து நிலவாக வந்துநின்ற மணமகளைப்
பாடங்கள் பலசொல்லும் பண்பாளன் கைப்பிடித்தான்..."

ஜீவராணி கையிலிருந்த இலட்டை அப்படியே வைத்திருந்தாள். போன வருடம் அவிசாவளையில் ஒரு ஆசிரியரின் கல்யாணத்துக்கு அவள் எழுதியது அது. இந்த மாப்பிள்ளையோ லொறி ஓட்டுகிறவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்.

அவர் கோபப்படுவாரோ என்று பார்த்தாள். மாப்பிள்ளை கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். "என்னைய இதுவரைக்கும் யாரும் இவ்வளவு மரியாதையாப் பேசினதில்ல" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

விசாரித்துப் பார்த்ததில் அந்த ஒரே வாழ்த்து எம்பிலிப்பிட்டிய வரைக்கும் போய் ஆறு கல்யாணம் முடித்துவைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் சுதாகரன் நானூறு ரூபாய் வாங்கியிருந்தார். கோத்து வைத்த ஈய எழுத்தில் பெயரை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு பெயரைக் கோத்தால் போதும், அரை மணி நேர வேலை.

நேரே அச்சகத்துக்குப் போய்க் கேட்டாள். சுதாகரன் சிரிப்பு மாறாமல் நாற்காலியைத் துடைத்தார். "தங்கச்சி, பாட்டுங்கிறது காத்துல போற சாமான். நான்தான் அதப் புடிச்சு ஈயத்துல வச்சிருக்கேன். ஆறு வீடு சந்தோசமா இருக்கிறது ஒங்களுக்குப் புடிக்கலியா?"

ஆறு வீட்டுச் சந்தோஷத்தைக் கெடுக்கிறவள் என்ற பெயரோடு ஜீவராணி வெளியே வந்தாள். பிளேன்டீயைக் குடித்துவிட்டு வந்ததை நினைத்துத்தான் வழியெல்லாம் தன்மேல் எரிச்சல் வந்தது.

பஸ் வர நேரமிருந்தது. தைக்கக் கொடுத்த இரவிக்கையை வாங்கலாமென்று மைமூனாவின் தையல் கடைக்குள் நுழைந்தாள். மைமூனாவும் அவளும் ஒரே வயது. ஊரில் பாதிப் பேருடைய தோள் அகலம் மைமூனாவுக்கு மனப்பாடம். தையல் மெசினை நிறுத்தாமலே கதை முழுவதையும் கேட்டாள்.

"நீங்க அட்வான்ஸ் எடுக்கிறல்லயா?"

"எப்படிக் கேக்கிறது? தெரிஞ்ச ஆளுங்க."

"எனக்கு மட்டும் தெரியாத ஆளுங்களா? பாதிக் காசு வெக்காம நான் துணியில கத்திரி வெக்கிறல்ல. வெட்டின துணிய ஒட்டேலா. அது சும்மா செல்ற பேச்சில்ல, அங்க பாருங்க." சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிட்டிருந்த அட்டையைக் காட்டினாள். முற்பணம் பாதி. எடுத்துப்போகும்போது மீதி. ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கும் துணிக்கு நாங்கள் பொறுப்பில்லை.

பிறகு நூலைப் பல்லால் கடித்துவிட்டு, ஜீவராணி பிறகு பலரிடமும் சொன்ன அந்தப் பேச்சைப் பேசினாள்.

"களவெடுக்கிறவர் மேல மட்டும் குத்தமில்ல புள்ள. நீங்க எழுதுற எல்லாம் ரெடிமேட். நிலவு, குயில், பண்பாளன். அது யாருக்கும் பொருந்தும். நான் தைக்கிற ஜாக்கெட்ட இன்னொருத்தி போடேலா. ஏன்? அளவெடுத்துத் தைக்கிறேன். நீங்களும் அளவெடுத்து எழுதுங்களே."

ஜீவராணிக்கு முதலில் கோபம் வந்தது. நிலவையும் குயிலையும் ஒருவரும் அப்படி நேரே குறை சொன்னதில்லை. பஸ்ஸில் பாதித் தூரம் போனபிறகு, மைமூனா சொன்னது சரிதான் என்று பட்டது. மீதித் தூரமும் அந்தக் கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே ஒரு கொப்பியும் கார்பன் தாளும் வாங்கினாள். பாட்டு வேண்டுமென்று வந்த முதல் ஆள் யோகநாதன். தோட்டத்து டிராக்டர் டிரைவர், கல்யாண மாப்பிள்ளை.

"எரநூறு ரூவாங்க. பாதி இப்ப, பாதி எடுத்துக்கிட்டுப் போறப்ப" என்றாள். தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

யோகநாதன் குழந்தையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்தான். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை வருடமாகப் பயந்தது இதற்குத்தானா என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அடுத்து அளவு. பல்லில் ஏதும் விசேஷம் உண்டா, எத்தனை தரம் பரீட்சை எழுதினான், பெண்ணை எப்படிப் பழக்கம், பெண் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறானா. அவன் சொல்லச் சொல்ல எழுதி, அடியில் கையெழுத்து வாங்கி, மேல் தாளை அவனிடம் கொடுத்துக் கார்பன் பிரதியைத் தான் வைத்துக்கொண்டாள்.

"இது என்னாங்க, பொலிஸ்ல முறைப்பாடு குடுக்கிற மாதிரி இருக்கு" என்றான் அவன்.

கல்யாணத்தன்று அந்த வாழ்த்தை வாசித்தபோது கோயில் மண்டபமே சிரித்தது. இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளை தங்கப்பல் தெரியத் தெரியச் சிரித்தான். நிலவையும் குயிலையும் கேட்டு யாரும் சிரித்ததுமில்லை, இரண்டாம் தரம் கேட்டதுமில்லை. "அந்தப் புள்ளக்காம்பராப் புள்ளைகிட்ட எழுதுங்க, ஆளப் பாத்து எழுதும்" என்று பேச்சுப் பரவியது. காசைப் பற்றி முணுமுணுத்தார்கள், கொடுத்தார்கள். வேலுசாமி கங்காணி மட்டும் வாழைப்பழத்தோடு வந்து, வாழைப்பழத்தோடு திரும்பிப் போனார்.

ஆனால் அச்சடிக்க எல்லாரும் சுதாகரனிடம்தான் போகவேண்டியிருந்தது. அடித்து முடிந்த பாட்டுக்குக் கோத்த ஈய எழுத்தை அவர் கலைக்கவில்லை.

அவிசாவளையில் தருமலிங்கம் என்று ஒரு பெரியவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். அவருடைய மகன் இளங்குமரனுக்கும் ஒரு தபாலதிபரின் மகள் கஜந்தினிக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். தருமலிங்கம் கல்யாண அழைப்பிதழ் அடிக்க வந்த இடத்தில், இப்போது பேசப்படுகிற மாதிரி ஒரு நல்ல வாழ்த்தும் வேண்டும் என்றார். அறுநூறு ரூபாய் என்று சுதாகரன் சொன்னார். ஜீவராணியிடம் போனால் முற்பணம் வைக்கவேண்டும். சுதாகரன் போகவில்லை. அலமாரியில் கோத்தபடியே கிடந்ததை எடுத்து, "பேர மட்டும் மாத்து" என்று அச்சுக் கோக்கிறவரிடம் கொடுத்துவிட்டு அழைப்பிதழுக்குத் தங்க மை தேடப் போய்விட்டார். வாசித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

கல்யாணப் பெண்ணின் இரவிக்கை மைமூனா தைத்தது. கல்யாண நாள் காலையில் இடுப்பில் கொஞ்சம் பிடிக்கவேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக்காம்பரா பூட்டு. ஊசி பிடிக்க வாவென்று மைமூனா ஜீவராணியையும் கூட்டிக்கொண்டு போனாள். பெண் மணவறையில் இருக்கும்போதும் எந்த நேரம் எது பிரியுமோ என்று இருவரும் தூணுக்குப் பின்னால் நின்றார்கள். ஜீவராணியின் வாயில் ஆறு குண்டூசிகள் இருந்தன.

மாப்பிள்ளையோடு கந்தோரில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் வாழ்த்து மடலோடு மேடையேறினார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். அவர் அதையும் பிடித்துக்கொண்டார்.

"இடப்பக்கத் தங்கப்பல் எடுத்துக்காட்டும் புன்னகையான்..."

ஜீவராணி குண்டூசிகளை விழுங்கப் பார்த்தாள்.

முன் வரிசையிலிருந்த பெண்ணின் பெரியம்மா பத்மாசனி பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார். "தங்கப்பல்லோ? பேசேக்கை ஒருத்தரும் சொல்லேல்லையே." மாப்பிள்ளை சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மூடியதால் உண்மையாக இருக்குமோ என்று எல்லாருக்கும் பட்டது.

"மூன்றுமுறை ஓ.எல். எழுதி முயற்சியிலே தளராதான்..."

தருமலிங்கத்தின் முகம் மேடையிலேயே நிறம் மாறியது. வாசித்தவருக்கும் ஏதோ பிசகு என்று தெரிந்துவிட்டது. ஆனால் நிறுத்தினால் மானம் போகும் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் வேகமாக வாசித்தார்.

"நடுச்சாமம் ஆனாலும் நாய்க்கடிக்கும் அஞ்சாமல்
மாமனார் வீட்டுவழி மறவாமல் நடந்தவனே..."

பெண்ணின் தகப்பனான தபாலதிபர் எழுந்து நின்றார். "ஆர் வீட்டுக்கு?" என்று கேட்டார். அவர் வீட்டில் நாயும் இல்லை.

"சம்பலுக்கு உப்பதிகம் சற்றேதான் போட்டாலும்
அன்புக்குக் குறைவைக்கா அழகுமகள் கஜந்தினியே."

முதலில் சிரித்தவள் கல்யாணப் பெண். "உப்புக் கதை மட்டும் உண்மை" என்று மாப்பிள்ளையிடம் சொன்னது முன் வரிசைக்குக் கேட்டது. மாப்பிள்ளையும் அடக்கமுடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பத்மாசனி பெரியம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்துவிட்டு, "எல்லாம் வெள்ளைப் பல்லுத்தான்" என்று சபைக்கு அறிவித்தார். கல்யாணம் பிழைத்தது.

மறுநாள் பகல், குழந்தைகள் தூங்கிய நேரத்தில் தருமலிங்கம் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றார். பின்னால் சுதாகரன்.

"இந்தப் புள்ளதான் ஐயா எழுதினது. நான் அச்சடிச்சது மட்டுந்தான்" என்றார் சுதாகரன்.

தருமலிங்கம் வாயைத் திறந்தார். ஜீவராணி உதட்டில் விரல் வைத்து இருபத்திரண்டு தொட்டில்களையும் காட்டினாள். ஆகவே அந்தச் சண்டை முழுவதும் காதோடு காதாக நடந்தது.

"என்ன துணிவு பிள்ளை உமக்கு?" என்று தருமலிங்கம் கிசுகிசுத்தார். "என்ரை மகனுக்குத் தங்கப்பல்லோ?"

ஓரத் தொட்டிலில் ஒரு குழந்தை சிணுங்கியது. ஜீவராணி அதைத் தூக்கி, கொப்பியை எடுக்கக் கை வேண்டியிருந்ததால், தருமலிங்கத்திடம் கொடுத்தாள். அவர் பழக்கமுள்ளவர் போலத் தோளில் போட்டுத் தட்டத் தொடங்கினார். அவள் கார்பன் பிரதியைப் புரட்டி அவர் முன்னால் நீட்டினாள்.

பெயர்: யோகநாதன், டிராக்டர் டிரைவர். பல்: இடது மேல், தங்கம். ஓ.எல்.: மூன்று தரம். நாய்: கணக்கப்பிள்ளை வீட்டு நாய், ஒரு தரம் கடித்தது. பெண்: சம்பலில் உப்பு. முற்பணம் நூறு, மீதி நூறு பெற்றுக்கொள்ளப்பட்டது. திகதி. கையெழுத்து.

முப்பத்தைந்து வருடம் கோப்புப் பார்த்த மனிதர் அவர். இரண்டு தரம் வாசித்தார். திகதியைப் பார்த்தார். பிறகு குழந்தையோடு சுதாகரன் பக்கம் திரும்பினார்.

"என்னட்டை எவ்வளவு வாங்கினனீர்?"

"அறுநூறுங்க."

"இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு குடுத்தனீர்?"

சுதாகரன் தொட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அதோட பழைய பாக்கி பதினேழு பாட்டுக்கும் இருக்குங்க ஐயா" என்றாள் ஜீவராணி. அது தன் குரல்தானா என்று அவளுக்கே ஐயமாக இருந்தது. "ஆயிரத்து எரநூத்தி எழுவத்தஞ்சு."

"எழுத்திலை இருக்கோ?"

"அதுக்கு இல்லைங்க. அப்ப எழுதி வாங்கல."

"அப்ப கொஞ்சம் கஷ்டந்தான்" என்றார் தருமலிங்கம், கச்சேரிக் குரலில். தன்னுடைய அறுநூறை மட்டும் அங்கேயே திருப்பி வாங்கி, அதில் இருநூறை அவளிடம் நீட்டினார். புதுத்தம்பதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற கால்மாறுச் சடங்கு புதன்கிழமை. அதற்கு ஒரு வாழ்த்து வேண்டும், நடந்த கேவலத்தை அது துடைக்கவேண்டும்.

"பாதி போதுங்க இப்ப. மீதி எடுக்கிறப்ப" என்று நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். மகனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பரீட்சை என்று வந்ததும் தருமலிங்கம் சுதாகரனை வெளியே போய் நிற்கச் சொன்னார். அவர் போனதும் இன்னும் தாழ்ந்த குரலில், "மூண்டு இல்லைப் பிள்ளை. நாலு" என்றார். "அதை எழுதிப்போடாதையும்."

அவள் எழுதவில்லை. மகன் தகப்பனின் செருப்பைத் தினமும் துடைத்து வைப்பதைப் பற்றி எழுதினாள். புதன்கிழமை தருமலிங்கம் அதைக் கேட்டு எழுந்து வெளியே போய்விட்டுச் சிவந்த கண்ணோடு வந்தார் என்று மைமூனா சொன்னாள்.

சுதாகரன் இரண்டு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. கல்யாணக் கதை இரத்தினபுரி வரை போய்விட்டதால் அவரிடம் வாழ்த்து அடிக்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் பல்லைப் பற்றிக் கேட்டார்கள். கடைசியில் எண்ணூற்று இருபத்தைந்து ரூபாயோடு வந்தார். பதினொரு பாட்டுக்குத்தான் தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றார். மீதி ஆறு பாட்டுக்கான காசு ஜீவராணிக்கு இன்றுவரை வரவில்லை. எழுதி வாங்காதது தன் பிழை என்று அதை விட்டுவிட்டாள். ஆனால் அன்றைக்கு அவர் கையெழுத்துப் போடாமல் போகவில்லை: ஒரு பாட்டு ஒரு வீட்டுக்கு மட்டும், அடித்ததும் எழுத்தைக் கலைத்துவிடவேண்டும், அடியில் 'ஆக்கம்: கி. ஜீவராணி' என்று இருக்கவேண்டும். இடமில்லாவிட்டால் அச்சகத்தின் முகவரியை எடுத்துவிடலாம்.

"கடைசி ஒன்னு கொஞ்சம் ஓவர் தங்கச்சி" என்றார்.

"சரி, அப்ப எடம் பாத்து அடிங்க" என்றாள் ஜீவராணி.

இரண்டாயிரத்தாறில் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளரின் ஆள் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, தலைவரைப் பற்றி வீதிக்கு வீதி போடுவதற்கு ஒரு பாட்டு வேண்டும், சமூகத்துக்குச் செய்கிற சேவையாக நினைத்து எழுதித் தரச் சொன்னார். மைமூனாவைப் போலத் தானும் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்த முற்பண அட்டையை ஜீவராணி காட்டினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஐந்நூறு ரூபாய் முற்பணம் வைத்தார். அவள் கொப்பியைத் திறந்தாள்.

"தலைவரு நம்ம தோட்டத்துக்கு என்னென்ன செஞ்சிருக்காரு? ஒவ்வொன்னாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தார். ரோடு உதவி செய்கிற நிலையில் இல்லை. "கேட்டுக்கிட்டு வர்றேன்" என்று போனார். தேர்தல் முடிந்தும் வரவில்லை. கேட்டு வராதவர்களுக்கு முற்பணம் திரும்பாது என்று அவர் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருந்தது.

அந்தக் காசில் அவள் பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு சுவர் மணிக்கூடு வாங்கி மாட்டினாள். இரண்டே நாளில் சின்ன முள் நின்றுவிட்டது. ஜீவராணி இரசீதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அதை வாங்கிய அஸீஸின் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்றை மாற்றி வாங்கி வந்தாள்.